பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர் பெயரை மாற்றிக்கொண்டு வேலைக்கு வந்தால், காவல்துறைச் சரிபார்ப்பில் தெரியுமா?

சிலம்பக்கூடம்_ஓசூர் (கேள்வி)

வணக்கம். ஓசூரில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் சிலம்பம், கபடி, கால்பந்து சொல்லித்தரும் பயிற்சி மையம் நடத்துகிறோம். கூடவே பெண் பிள்ளைகள் தங்கும் சிறிய விடுதியும் உண்டு. ஜூன் சேர்க்கைக்குள் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர், இரண்டு வேன் ஓட்டுநர்கள், ஒரு சமையல்காரர் எடுக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களில் குப்பத்துக்காரர் இருக்கிறார், ஆனேக்கல் பக்கத்துக்காரர் இருக்கிறார், பெங்களூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய அரூர்க்காரரும் இருக்கிறார். மூன்று மாநில முகவரிகள்.

எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புக்குப் போடப்போகிறோம். சந்தேகம் இதுதான்: பாலியல் குற்றவாளிகளுக்கு ஒரு தேசியப் பட்டியல் இருக்கிறது என்கிறார்கள். அதில் இருக்கும் ஒருவர் கெசட்டில் (அரசிதழில்) பெயரை மாற்றி, ஆதாரையும் மாற்றிவிட்டால், புதுப் பெயரில் போடும் சரிபார்ப்பு "பதிவு எதுவும் இல்லை" என்று வந்துவிடுமா? பெயர் மாறியவர்களைக் காவல்துறை எப்படித் தொடர்கிறது? வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? எங்களைப் போன்ற சிறிய நிறுவனம் சட்டத்துக்கு உட்பட்டு என்னவெல்லாம் கேட்கலாம்? விண்ணப்பித்தவர்களை அவமானப்படுத்தாமல் செய்ய வேண்டும் என்பதும் முக்கியம்.

---

ரேகைமேசை

மேடம், பெயரை வைத்துத் தேடினால் தப்பிக்க வழி நிறைய உண்டு. கைரேகையை வைத்துத் தேடினால் தப்ப முடியாது. சிக்கல் என்னவென்றால், சாதாரண வேலைச் சரிபார்ப்பில் கைரேகை எடுப்பதில்லை.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றி. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதை நடத்துகிறது. வல்லுறவு, கூட்டு வல்லுறவு, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), பெண்களைச் சீண்டுதல் ஆகிய வழக்குகளில் 2005 முதல் தண்டனை பெற்றவர்கள் அதில் இருக்கிறார்கள். தொடங்கும்போதே சுமார் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. பெயர், முகவரி, புகைப்படம், கைரேகை விவரம் எல்லாம் இருக்கும். பார்க்க முடிவது காவல்துறை, விசாரணை அமைப்புகள் மட்டுமே. பள்ளிக்கோ பெற்றோருக்கோ திறக்காது. "பட்டியலைப் பார்த்துத் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று யாராவது வந்தால் அது மோசடி.

பலரும் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. அது தண்டனையைப் பதிவு செய்யும் ஏடு, விடுதலையான ஆளைப் பின்தொடரும் ஏடு அல்ல. வெளியே வந்தவர் வீடு மாறினால், பெயர் மாற்றினால் காவல் நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டும் என்ற பொதுவான கடமை நம் நாட்டில் கிடையாது. அதனால் புதுப் பெயர் தானாக அந்தப் பதிவில் போய் ஏறாது. ஏதாவது ஒரு காவல் நிலையம் தெரிந்துகொண்டு சேர்த்தால்தான் ஏறும். முதல் தகவல் அறிக்கையில் "முருகன் @ மணி" என்று ஒரு குறி போட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். "என்கிற" என்று பொருள். வழக்கின்போது தெரிந்த மாற்றுப் பெயர்கள் அந்தக் குறிக்குப் பின்னால் வந்துவிடும். விடுதலைக்குப் பிறகு சூட்டிக்கொண்ட பெயர் வராது.

கைரேகை வேறு மாதிரி. 2022 ஆகஸ்ட் 4 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி கைதானவர், தண்டனை பெற்றவர் ஆகியோரின் விரல்ரேகை, உள்ளங்கை ரேகை, பாதத் தடம், புகைப்படம், கருவிழிப் பதிவு ஆகியவற்றை எடுக்கலாம். அந்தப் பதிவை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். நாடு முழுவதற்குமான தானியங்கிக் கைரேகை அமைப்பு ஒவ்வொருவருக்கும் 10 இலக்க எண் கொடுக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். ஒருவர் விழுப்புரத்தில் ஒரு பெயரில் தண்டனை பெற்று, பிறகு ஒடிசாவில் வேறு பெயரில் கைதானாலும், ரேகை வைத்ததும் பழைய எண் வந்து நிற்கும். அதாவது, பெயர் மாற்றம் அடுத்த கைதின்போது அம்பலமாகும். அடுத்த குழந்தை பாதிக்கப்படுவதற்கு முன்னால் அம்பலமாக வேண்டும் என்பதுதான் நம் கவலை.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். இங்கே ஆள் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் பெயர் ஒத்துப்போகாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் ஒரே மனிதர் பள்ளிச் சான்றில் முனிராஜ், கன்னட ரேஷன் அட்டையில் முனிராஜு, ஆதாரில் முனியப்பா முனிராஜ். தமிழ்நாட்டு இன்ஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் போகும், மூன்றாவதில் அப்பா பெயராக விரியும். தமிழில் க, ச, த, ப ஒவ்வொன்றும் ஒரே எழுத்தாக இருந்து பல ஒலிகளைக் குறிப்பதால் ஆங்கிலத்தில் எழுதும்போது பாபு என்பது நாலு விதமாகப் போகும். தேடும் பெட்டியில் ஒரு எழுத்து மாறினால் கணினி "இல்லை" என்றுதான் சொல்லும்.

முகவரியிலும் இதே கதை. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய வழக்குப் பதிவு, சிறைப் பதிவு, பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் ஓசூர்க்காரரும் "தருமபுரி மாவட்டம்"தான். 45 வயது ஓட்டுநருக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று மட்டும் போட்டுத் தேடினால் இளமைக்காலப் பதிவு நழுவிவிடும்.

ஆகவே சரிபார்ப்பு விண்ணப்பத்தில் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், சொந்த ஊர் ஆகியவை கெசட்டில் பெயர் மாற்றினாலும் மாறுவதில்லை. எல்லாவற்றையும் கொடுங்கள். முந்தைய பெயர் ஒன்று இருப்பது தெரிந்தால், கெசட் நகலையும் இணைத்து, இரண்டு பெயரிலும் பார்க்கும்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குத் தனிக் கடிதம் கொடுங்கள். மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. தேடுபவர் கையில் பழைய பெயர் கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

---

தருமபுரி_வக்கீல்

ரேகைமேசை சார் சொன்னதற்குச் சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

பெயர் மாற்றம் எப்படி நடக்கிறது: சென்னையில் இருக்கும் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பம், பிறந்த தேதிக்கான சான்று, அடையாள ஆவணம், புகைப்படம், சான்றொப்பம், கட்டணம். தமிழ்நாடு அரசிதழின் 6ஆம் பகுதி, 4ஆம் பிரிவில் அறிவிப்பு வரும். குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற காவல் சான்று இதற்குக் கேட்கப்படுவதில்லை. பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர் பெயர் மாற்றக் கூடாது என்ற தடையும் சட்டத்தில் இல்லை. என்னைக் கேட்டால், அச்சுத்துறைக்கும் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் இடையில் ஒரு தகவல் வழி இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெயர் மாற்றத்தைத் தடுக்க வேண்டியதில்லை. பழைய பதிவோடு புதுப் பெயரை இணைத்துவிட்டால் போதும்.

ஏன் தடுக்க வேண்டாம் என்கிறேன்? தன் பெயரைத் தானே தீர்மானிப்பது அரசியலமைப்பு தரும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் சி.பி.எஸ்.இ. சான்றிதழ் வழக்கில் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் பெயர் மாற்றுபவர்களில் மிகப் பெரும்பாலோர் எண்கணிதம் பார்த்தவர்கள், திருமணமானவர்கள், மதம் மாறியவர்கள், சாதிப் பட்டத்தை உதறியவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள். பெயர் மாறியிருக்கிறது என்பதே சந்தேகத்துக்குக் காரணம் ஆகக் கூடாது. அந்தக் கேள்வியை எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். வரும் பதிலை மூடிய உறையில், ஒரே ஒரு பொறுப்பாளர் கையில் வையுங்கள். திருநர் ஒருவரின் பழைய பெயர் அலுவலகம் முழுக்கத் தெரியவருவது அவருக்குப் பெரும் தீங்கு.

அரசிதழ் அறிவிப்பின் வாசகம் உங்களுக்கு உதவும். பழைய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், தற்போதைய முகவரி, புதிய பெயர் எல்லாம் ஒரே பத்தியில் இருக்கும். அதனால் கெசட் நகலை முழுப் பக்கமாக வாங்குங்கள். புதுப் பெயர் இருக்கும் வரியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் தேதியையும் எண்ணையும் வைத்து அரசிதழின் இணையப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விடுதலைக்குப் பிறகு முகவரி அறிவிக்கும் கடமை அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 394ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 356) ஒரு வழி தருகிறது. 3 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் மீண்டும் அப்படியொரு குற்றத்தில் தண்டனை பெற்றால், தண்டனைக் காலம் முடிந்த பின் 5 ஆண்டு வரை வசிப்பிடத்தையும் அதன் மாற்றத்தையும் தெரிவிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். கவனியுங்கள்: இரண்டாவது தண்டனை வேண்டும், "உத்தரவிடலாம்" என்பதுதான் வாசகம், வசிப்பிடத்தைத்தான் சொல்கிறது, பெயரைச் சொல்லவில்லை. முதல்முறைக் குற்றவாளிக்குப் பொருந்தாது.

உங்கள் கடமைக்கு வருகிறேன். 2020 போக்சோ விதிகளின் 3ஆம் விதி, குழந்தைகள் தங்கும் அல்லது அடிக்கடி வந்துபோகும் எந்த நிறுவனமும், விளையாட்டுப் பயிற்சி மையம் உட்பட, ஊழியர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்ய வேண்டும் என்கிறது. நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடு இல்லை. விடுதி இருப்பதால் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமமும் தேவை. இது கையில் இல்லாமல் மற்றதைப் பேசிப் பயன் இல்லை.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்றும் உண்டு. 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்காகச் சிறார் நீதிச் சட்டத்தின்படி கையாளப்பட்டவருக்கு, அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு (16 வயது கடந்து, பெரியவராகவே விசாரிக்கப்பட்டவருக்கு விலக்கு உண்டு). அதனால் "எப்போதாவது ஏதாவது வழக்கு உண்டா" என்று கேட்காமல், "18 வயதுக்குப் பின்" என்று படிவத்தில் எழுதுங்கள்.

---

பென்னாகரம்_டு_லீட்ஸ்

வெளிநாட்டு நிலவரம் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இது தினமும் பேசப்படும் விஷயம்.

இங்கே 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டப்படி, பதிவேட்டில் உள்ளவர் பெயர் மாற்றினால் 3 நாளுக்குள் குறிப்பிட்ட காவல் நிலையத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முகவரி, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு விவரமும் தர வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வர வேண்டும், நிலையான வீடு இல்லாதவர் வாரத்துக்கு ஒருமுறை. 30 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவருக்கு இந்தக் கடமைக்குக் கால வரம்பு இல்லை. தவறினால் 5 ஆண்டு வரை சிறை.

கேட்க உறுதியாக இருக்கிறது, ஆனாலும் ஓட்டை இருந்தது. பெயர் மாற்றப் பத்திரத்தை இங்கே யாரும் வீட்டிலேயே எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். எங்கும் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. மொத்த ஏற்பாடும் குற்றவாளி தானாக வந்து சொல்வதை நம்பி நிற்கிறது. சொல்லாமல் புதுப் பெயரில் பாஸ்போர்ட்டும் ஓட்டுநர் உரிமமும் வாங்கி, அதைக் காட்டிப் பின்னணிச் சான்று எடுத்தவர்கள் விஷயம் வெளிவந்ததும் நாடாளுமன்றத்தில் சாரா சாம்பியன் போன்ற உறுப்பினர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2025 பிப்ரவரியில் கொண்டுவரப்பட்ட குற்றம் மற்றும் காவல் மசோதா இரண்டு மாற்றங்களை முன்வைத்தது. ஒன்று, புதுப் பெயரைப் பயன்படுத்துவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பே சொல்ல வேண்டும். இரண்டு, ஆபத்தானவர் என்று கருதப்படுபவர் காவல்துறை அனுமதி இல்லாமல் புதுப் பெயரில் அடையாள ஆவணம் கேட்க முடியாது. சொல்லும் நேரம் மாற்றத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் வருகிறது. அதுதான் இதில் பெரிய விஷயம்.

அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டப்படி பெயர் மாற்றத்தை 3 வேலை நாளுக்குள் நேரில் பதிய வேண்டும். பதிவேட்டின் பெரும்பகுதி பொதுமக்களுக்கே திறந்திருக்கிறது. விஸ்கான்சினில் பதிவேட்டில் உள்ளவர் பெயர் மாற்றுவதே குற்றம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணமும் 2020ல் சட்டம் திருத்தி, தண்டனை பெற்ற பாலியல் குற்றவாளிகள் பெயர் மாற்றுவதை நிறுத்தியது.

எனக்கு மிகப் பிடித்தது கனடாவின் இன்னொரு ஏற்பாடு. குழந்தைகளோடு வேலை செய்ய விண்ணப்பிப்பவரின் பாலினமும் பிறந்த தேதியும், மன்னிப்பு பெற்ற பாலியல் குற்றவாளி ஒருவரின் விவரத்தோடு ஒத்துப்போனால், பெயர் வேறாக இருந்தாலும் கைரேகை கேட்பார்கள். நிரபராதிகள் பலருக்கும் அந்தக் கடிதம் வரும், ரேகை வைத்தால் ஆள் வேறு என்று தெளிவாகிவிடும். பெயரை ஒதுக்கிவிட்டுத் தேடினால் எப்படி இருக்கும் என்பதற்கு இது உதாரணம். நம் நாட்டுக் கைரேகை அமைப்பில் இதைச் செய்யத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை, சட்டத்தில் ஒரு வரி வேண்டும்.

---

சிலம்பக்கூடம்_ஓசூர்

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, பழைய பெயரை அவராகவே மறைத்தால் எந்த ஆவணத்தில் கண்டுபிடிப்பது? இரண்டு, ஏதாவது தெரியவந்தால் அடுத்து என்ன செய்வது?

---

பள்ளி_அலுவலகம்_பர்கூர்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் அக்கா. ஆவணம் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. புது ஆதார் அட்டை பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் அதில் இன்றைய பெயர் மட்டும்தான் இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று மூன்றில் இரண்டையாவது அசலாகப் பாருங்கள். இவை பெரும்பாலும் 15, 16 வயதில் வாங்கியவை. பத்தாம் வகுப்பு படிக்காத சமையல்காரர் என்றால் கடைசியாகப் படித்த பள்ளியின் பெயரும் வருடமும் வாங்கி, அந்தப் பள்ளி அலுவலகத்துக்கே கடிதம் எழுதலாம். பெயர் சான்றுக்குச் சான்று வேறாக இருந்தால் உடனே பதறாமல் விளக்கம் கேளுங்கள். எழுத்து மாற்றமா, இன்ஷியல் மாற்றமா, முழுப் பெயரே வேறா என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றாவது வகைக்குக் கெசட் கட்டாயம்.

ஆதார் எண் பெயர் மாறினாலும் மாறாது. பெயரை ஆயுளில் 2 முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒருமுறை. என்னென்ன திருத்தம் எப்போது செய்தார் என்ற வரலாற்றை ஆதார் வைத்திருப்பவரே மை ஆதார் தளத்தில் தன் கைபேசி ஓடிபி போட்டு எடுக்க முடியும். அவர் விருப்பப்பட்டுக் காட்டினால் பார்க்கலாம். 2018 தீர்ப்புக்குப் பிறகு தனியார் நிறுவனம் ஆதாரைக் கட்டாயம் என்று சொல்லக் கூடாது, அதனால் படிவத்தில் "ஆதார் அல்லது வேறு ஆவணம்" என்றே போடுங்கள். ஓடிபி, கடவுச்சொல் எதையும் நீங்கள் வாங்கி உள்ளே போகாதீர்கள்.

வருங்கால வைப்புநிதியின் 12 இலக்க எண் இன்னும் உபயோகமானது. பெங்களூர் கம்பெனியிலோ ஓசூர் சிப்காட்டிலோ வேலை பார்த்தவருக்கு அந்தக் கணக்கில் பழைய நிறுவனங்கள் சேர்ந்த தேதி, விட்ட தேதியோடு வரிசையாக இருக்கும். விண்ணப்பத்தில் சொன்னதோடு ஒப்பிட்டால் நடுவில் எத்தனை வருடம் காணாமல் போயிருக்கிறது என்று தெரியும். இடைவெளி இருந்தாலே சிறை என்று அர்த்தம் இல்லை. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் இருப்பார், விவசாயம் பார்த்தவர் இருப்பார். அந்தக் காலத்தில் எந்த ஊர், எந்த வேலை, யாரிடம் கேட்கலாம் என்று எழுதி வாங்கினால் போதும்.

ஓட்டுநர்களுக்கு உரிம எண்ணே கதை சொல்லும். டி.என். 29 என்றால் தருமபுரி, 24 கிருஷ்ணகிரி, 70 ஓசூர். அதற்கு அடுத்த நான்கு இலக்கம் உரிமம் முதலில் வாங்கிய வருடம். "பிறந்ததிலிருந்து ஓசூர்தான்" என்பவரின் உரிமம் வேறு மாநிலத்தில் தொடங்கினால் அங்கே வாழ்ந்த காலத்தைக் கேட்க வேண்டும். மத்தியப் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் உரிம எண்ணும் பிறந்த தேதியும் போட்டு அசல்தானா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்று மாநிலம் என்றீர்களே, தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சரிபார்ப்பு இங்கே கொடுத்த முகவரியை ஒட்டித்தான் நடக்கும். ஆனேக்கல்காரரைக் கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளம் வழியாக அங்கேயும் ஒரு சான்று எடுக்கச் சொல்லுங்கள். குப்பத்துக்காரருக்கு ஆந்திரக் காவல்துறையில் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல் சான்று வெளிநாடு போகிறவர்களுக்கானது, அதைக் கேட்டு அலைக்கழிக்காதீர்கள்.

பயிற்சியாளர் விஷயத்தில் இன்னொரு படி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நம் மாவட்டத்தையே உலுக்கிய போலி என்.சி.சி. முகாம் பாலியல் வன்கொடுமை வழக்கு நினைவிருக்கும். அங்கே வந்த ஆட்களுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை. சீருடையையும் கடிதத் தலைப்பையும் நம்பாமல், அந்த அமைப்பின் அலுவலகத்தை நேரடியாகத் தொடர்புகொண்டு கேட்பது ஒரே நாள் வேலை. கால்பந்துப் பயிற்சியாளர் "டி லைசென்ஸ்" வைத்திருப்பதாகச் சொன்னால் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்திடம் உரிம எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். முந்தைய பள்ளிக்கு போன் செய்யும்போது விண்ணப்பத்தில் அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, நீங்களாகத் தேடி எடுத்த அலுவலக எண்ணுக்குச் செய்யுங்கள். புகைப்படத்தையும் அனுப்பி "இவர்தானா, அங்கே என்ன பெயரில் இருந்தார்?" என்று கேளுங்கள். பெயர் மாறியவர் அதிகம் சிக்குவது இந்தக் கேள்வியில்தான்.

---

தருமபுரி_வக்கீல்

இரண்டாவது கேள்விக்கு. தெரியவந்தது எது என்பதைப் பொறுத்தது.

தண்டனை பெற்றவர் என்று காவல்துறை எழுத்தில் சொன்னால் வேலை தர வேண்டாம். காரணத்தை அவரிடம் மட்டும் சொல்லுங்கள், வேறு எங்கும் பரப்ப வேண்டாம். வழக்கு நிலுவையில் இருந்தால் அவர் குற்றவாளி அல்ல. ஆனாலும் குழந்தைகளோடு நேரடித் தொடர்புள்ள பணியில் வைக்காமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. குற்றம் நிரூபிக்கப்படாமல் நீதிமன்றம் விடுவித்தவர் என்றால் தீர்ப்பு நகலை வாங்கிப் படித்து முடிவெடுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போய் ஆள் வேறாக இருப்பதும் நடக்கும். அதனால் புகைப்படம், அப்பா பெயர், ஊர் மூன்றும் பொருந்தும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பழைய பெயரை மறைத்துப் பொய்யான உறுதிமொழி கொடுத்து வேலையில் சேர்ந்திருந்தால், ஒப்பந்த மீறல் என்று உடனே நீக்கலாம். சூழ்நிலையைப் பொறுத்து ஆள்மாறாட்ட ஏமாற்று என்று பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 319ஆம் பிரிவில் புகாரும் கொடுக்கலாம். அதற்கு 5 ஆண்டு வரை சிறை. கையெழுத்திட்ட படிவம் இல்லாவிட்டால் இது எதுவும் நிற்காது.

உங்கள் மையத்தில் ஒரு குழந்தைக்கு ஏதாவது நடந்திருக்கும் என்று ஐயம் வந்தால், அது வேறு பாதை. பின்னணி விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போக்சோ 19ஆம் பிரிவுப்படி ஓசூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உடனே தெரிவிக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் அழைக்கலாம். தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு 21ஆம் பிரிவில் 1 ஆண்டு வரை சிறை. குழந்தையின் அடையாளம் எங்கும் வெளிவரக் கூடாது.

ஒருபோதும் செய்யக் கூடாதது: சந்தேகப்பட்டவரின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. 2018ல் குழந்தை கடத்தல் வதந்தி பரவித் தமிழ்நாட்டில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டதை நாம் பார்த்தோம்.

---

ரேகைமேசை

வக்கீல் சார் சொன்னதோடு இரண்டு விஷயம்.

சரிபார்ப்புச் சான்று அது கொடுக்கப்பட்ட தேதி வரைக்கும்தான் பேசும். மறு மாதம் வழக்கு வந்தால் உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் எல்லோருக்கும் மறுபடி போட்டால் ஜூனுக்குள் கையில் இருக்கும். வேன் ஒப்பந்தக்காரர் மூலம் வரும் மாற்று ஓட்டுநர்தான் பெரிய ஓட்டை. ஒரு நாள் விடுப்புக்கு வரும் ஆளுக்கும் முன்கூட்டியே சரிபார்ப்பு முடித்த பெயர்ப் பட்டியல் வேண்டும், பட்டியலில் இல்லாதவர் வண்டியைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதே நேரம், போக்சோ வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்று குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகள் சொல்லிவருகின்றன. அவர்களில் பலருக்கு முன் தண்டனையே இருக்காது. அதனால் சான்று சுத்தமாக வந்தாலும் வேனில் ஒரு பெண் உதவியாளர், விடுதி மாடிக்கு ஆண் ஊழியர் தனியாகப் போகாத ஏற்பாடு, பயிற்சியறைக் கதவில் கண்ணாடி, இவற்றைத் தளர்த்தாதீர்கள்.

அடுத்து, படிவத்தில் சேர்க்க வேண்டிய வாசகம். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"பிறந்ததிலிருந்து இன்றுவரை ஆவணங்களிலோ வழக்கத்திலோ நான் பயன்படுத்திய எல்லாப் பெயர்களும், எழுத்து வேறுபாடுகளும், இன்ஷியலின் விரிவும் கீழே உள்ளன. கடந்த 10 ஆண்டுகளில் நான் வசித்த ஊர்கள், மாவட்டம், மாநிலம் ஆகியவை கீழே உள்ளன. 18 வயதுக்குப் பின் என் மேல் பதிவான, நிலுவையில் உள்ள அல்லது தண்டனையில் முடிந்த வழக்குகள் கீழே உள்ளன. இல்லையெனில் 'இல்லை' என்று எழுதியுள்ளேன். இவற்றைக் காவல்துறை மூலமும் முந்தைய நிறுவனங்கள் மூலமும் சரிபார்க்கச் சம்மதிக்கிறேன். பணிக்காலத்தில் என் பெயரை மாற்ற விண்ணப்பித்தால், விண்ணப்பித்த 7 நாளுக்குள் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அரசிதழ் வெளியானதும் முழுப் பக்க நகலைத் தருவேன்."

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அச்சடித்து, அவரவர் படிக்கும் மொழியில் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் படித்துக்காட்டி, படித்துக்காட்டியவரும் கையெழுத்திட வேண்டும்.